மழைச் சேறும் வாசற் பூச்சிகளும்

குளிர் நாடுகளில் வசந்த காலம் வந்தால் பனி உருகி, வாசல் எல்லாம் சேறாகி, சேற்றோடு பூச்சிகளும் புறப்பட்டு வருமாம். நமது பினாங்குக்கு வசந்தமும் இல்லை, பனியும் இல்லை. சேறும் பூச்சியும் மட்டும் குறைவின்றி உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் ஒரு மழை. பிறகு செப்டம்பர் தொடங்கி நவம்பர் வரை பெருமழை. நம்மில் பலர் கீழே கடையும் மேலே குடும்பமுமாக இருக்கிறோம். ஆகவே கடைவாசலில் வரும் கேடு அன்றைக்கே அடுப்படிக்கும் வந்துவிடுகிறது. இந்த விஷயத்தில் நாம் பட்டதையும், கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் சேற்றைப் பற்றி. சேறு வானத்திலிருந்து வருவதில்லை. நாம் பெருக்கித் தள்ளுவதே திரும்பி வருகிறது. காலையில் கடை திறந்ததும் அஞ்சடியைப் பெருக்கி, மண், உமி, வெங்காயச் சருகு, பிளாஸ்டிக் கயிறு எல்லாவற்றையும் சாக்கடைக்குள் தள்ளிவிடுகிறோம். சுத்தம் செய்துவிட்டதாக ஒரு திருப்தி. அந்தக் குப்பை இரண்டு கடை தாண்டி, அடுத்த தவுக்கேயின் வாசலுக்கு நேரே அடைத்துக்கொண்டு நிற்கிறது. அவர் ஆள் அதைக் குச்சியால் இன்னும் கொஞ்சம் அப்பால் தள்ளுகிறான். ஜார்ஜ் டவுன் கடலை ஒட்டிய தாழ்வான நிலம். கடல் ஏற்ற நேரத்தில் பெருமழையும் சேர்ந்துகொண்டால் சாக்கடைத் தண்ணீர் போக வழியின்றித் திரும்பும். அதோடு அடைப்பும் இருந்தால் கேட்பானேன்! சுங்கை பினாங்கு ஓரத்திலும் ஜாலான் பி. ரம்லி பக்கத்திலும் இருப்பவர்களுக்கு இதை யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

2017-ஆம் வருஷம் நவம்பர் 4-ந் தேதி இரவு தொடங்கிய புயல் மழையை நாம் மறக்க முடியாது. விடிவதற்குள் தீவிலும் கரைப்பக்கத்திலும் பெரும் பகுதி தண்ணீரில் கிடந்தது. இராணுவத்தின் உதவி கோரும் நிலை வந்தது. உயிர்ச் சேதமும் ஏற்பட்டது. நமது கடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். ஆயினும் அரிசி மூட்டைகளை வெறும் தரையில் அடுக்கியிருந்தோம். அடி வரிசை மூட்டைகள் பதினொன்று நனைந்து போயின. அப்பொழுது ஒரு எண்ணம் வந்ததை மறைக்காமல் சொல்கிறோம்: வெயிலில் உலர்த்திக் கோணி மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்? ஆனால் அது வெறும் மழைத் தண்ணீர் அல்ல. சாக்கடையும் கக்கூஸும் எலிமூத்திரமும் கலந்த தண்ணீர். அந்த அரிசியைக் கோழிக்குக்கூடக் கொடுக்கக் கூடாது என்று அறிந்த பிறகு மாநகர் மன்றத்தின் குப்பை லாரியில் ஏற்றிவிட்டோம். அன்று முதல் நமது கிட்டங்கியில் எந்த மூட்டையும் தரையைத் தொடுவதில்லை. ஒரு சாண் உயரமுள்ள மரத் தட்டின்மேல், சுவரிலிருந்து ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கும் இடைவெளி விட்டு அடுக்குகிறோம். தட்டுகளுக்குச் செலவானது நனைந்த மூட்டைகளின் விலையில் ஒரு பகுதிகூட இல்லை.

வெள்ளம் வடிந்த பின் சேற்றை அள்ளுவதில் ஒரு முறை உண்டு. ஈரமாக இருக்கும்போதே அள்ளிவிட வேண்டும். காய்ந்தால் ஓட்டின் இடுக்கிலும் இரும்புக் கதவின் தண்டவாளத்திலும் கல்லாக இறுகிவிடும். தூசியாகப் பறந்து மூக்கிலும் சரக்கிலும் ஏறும். மேலிருந்து கீழாக, உள்ளிருந்து வாசலுக்கு. அள்ளிய சேற்றைச் சாக்கடையில் கொட்டாமல் பையில் கட்டி லாரிக்குக் கொடுக்க வேண்டும். பிறகு சவுக்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவ வேண்டும். குளோரின் மருந்து அதற்கும் பிறகுதான். பலர் சேற்றின் மேலேயே மருந்தை ஊற்றுகிறார்கள். சேறு மருந்தைத் தின்றுவிடும். கிருமி அப்படியே இருக்கும். வீட்டில் துணி வெளுக்க வைத்திருக்கும் குளோராக்ஸ் போன்ற மருந்தில் கால் லிட்டரை 20 லிட்டர் தண்ணீரில் கலந்தால் தரைக்குப் போதும். அதோடு கக்கூஸ் கழுவும் திராவகத்தையோ வேறு மருந்தையோ ஒருபோதும் கலக்க வேண்டாம். அதிலிருந்து எழும் புகை நெஞ்சை அடைக்கும். ஆளையே கொல்லவும் கூடும்.

இந்த வேலையை வெறுங்காலோடு செய்வது நமது ஆட்களின் வழக்கம். ரப்பர் பூட்ஸ் கொடுத்தால் சிரிக்கிறார்கள். எலியின் மூத்திரத்தில் இருக்கும் கிருமி காலிலுள்ள சிறு கீறல் வழியாக உள்ளே புகுந்து எலிக்காய்ச்சலை உண்டாக்கும். அது ஈரலையும் மூத்திரக் காய்களையும் கெடுக்கும். சில நாட்களுக்குப் பிறகும், சில சமயம் இரண்டு மூன்று வாரங்கள் கழித்தும் காய்ச்சல் வருவதால், வெள்ளத்தை எல்லாரும் மறந்திருப்பார்கள். கெண்டைக்காலில் கடும் வலி, கண் சிவத்தல், கண்ணோ தோலோ மஞ்சளாதல் ஆகியவை கண்டால் வைத்தியரிடம், "வெள்ளத்தில் நின்றோம்" என்று நாமாகவே சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை பாதி வைத்தியம்.

சுவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சூலியா தெரு, கடைத்தெரு, குவீன் ஸ்திரீட் பக்கங்களில் நமது கடைவீடுகள் பழைய செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழும்பியவை. கீழ்ச்சுவர் ஈரமாகிப் பொரிந்து விழுந்தால் நாம் செய்வது என்ன? சிமெண்டைக் குழைத்துப் பூசி, அதன்மேல் பளபளப்பான வர்ணம் அடிப்பது. ஆறு மாதம் அழகாக இருக்கும். சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும் சுவர். தரையிலிருந்து ஏறும் ஈரம் அதன் வழியாக ஆவியாகிப் போய்விடும். சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும். முழங்கால் உயரத்தில் இருந்த கறை இடுப்புக்கு வரும். நாமும் அப்படிச் செய்து, கணக்குப் புத்தகம் வைத்திருந்த அலமாரியைப் பூஞ்சணத்துக்குக் கொடுத்தோம். இப்பொழுது சுண்ணாம்புதான். 2008-ல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தர்களைத் தேடிப் பிடிப்பது முன்னைவிட எளிது. கூலி அதிகந்தான், ஒப்புக்கொள்கிறோம்.

இனிப் பூச்சிகளுக்கு வருவோம். கொசுவில் தொடங்க வேண்டும். ஏனெனில் அது நம்மை அடித்திருக்கிறது.

2019-ஆம் வருஷம் மலேசியா முழுவதும் டெங்குக் காய்ச்சல் கண்டவர்கள் 1,30,000-க்கு மேல். அந்தக் கணக்கில் நமது மகளும் ஒருத்தி. அப்பொழுது அவளுக்கு ஒன்பது வயது. மதரசாவிலிருந்து வந்தவள், "அத்தா, கண்ணுக்குப் பின்னாலே வலிக்குது" என்றாள். உடம்பு கொதித்தது. நாம் கடைக்காரர் அல்லவா, பெட்டியடியில் கைக்கு எட்டியது உடல்வலிக்கு விற்கும் ஆஸ்பிரின் மாத்திரை. பாதி உடைத்துக் கொடுத்தோம். மறுநாளும் கொடுத்தோம். நாலாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. நாம் சரக்கு எடுக்கப் பட்டர்வொர்த் போய்விட்டோம். மாலையில் வயிறு வலிக்கிறதென்று சுருண்டு படுத்தாள். இரண்டு முறை வாந்தி. பல் ஈறில் இரத்தம். ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு ஓடினோம்.

அங்கே வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மாத்திரை கொடுத்தீர்கள்?" நாம் சொன்னதும் அவர் முகம் மாறியது. டெங்குவில் இரத்தம் உறையச் செய்யும் தட்டணுக்கள் குறைந்துபோகும். ஆஸ்பிரின், இபுபுரோஃபென் போன்றவை இரத்தப்போக்கை அதிகமாக்கும். கொடுக்கக்கூடியது பாரசிட்டமால் ஒன்றுதான், அதுவும் அளவோடு. காய்ச்சல் இறங்கும் நேரமே அபாய நேரம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கை கால் சில்லிடுதல், பிள்ளை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருத்தல், இவற்றில் ஒன்று கண்டாலும் தாமதிக்கக் கூடாது. இதெல்லாம் நமக்கு அன்றிரவு ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் தெரிந்தது. ஆறு நாள் இருந்து, அல்லாஹ்வின் கிருபையால் பிள்ளை வீடு வந்தாள். அந்த மாத்திரைப் பட்டையை இன்றும் கடையில் விற்கிறோம். ஆனால் காய்ச்சலுக்கு என்று யார் கேட்டு வந்தாலும் கொடுப்பதில்லை.

அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே சுகாதார இலாகாவினர் வீட்டைப் பார்க்க வந்தார்கள். நாம் தைரியமாகத்தான் இருந்தோம். முன்வாசல் சுத்தம், தொட்டிக்கு மூடி உண்டு. அவர்கள் நேரே பின்முற்றத்துக்குப் போனார்கள். அங்கே நமது தாயார் கடையநல்லூரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த ஆட்டுக்கல் கிடக்கிறது. மின்சார அரைப்பான் வந்த பிறகு அதைத் தொடுவார் இல்லை. குழவியை எடுத்து ஓரமாக வைத்திருந்தோம். குழியில் மழைத் தண்ணீர். அதிகாரி கைவிளக்கை அடித்து, "வந்து பாருங்கள்" என்றார். தலைகீழாகத் தொங்கி நெளியும் புழுக்கள், ஒரு கைப்பிடி இருக்கும். 1975-ஆம் வருஷத்து நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டத்தின்படி 500 வெள்ளிக்குச் சீட்டு எழுதினார். நாம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? அந்தக் கல்லில் அரைத்த மாவைத் தின்று வளர்ந்த நாம், அதிலேயே நம் பிள்ளைக்கு வியாதியை வளர்த்திருக்கிறோம். தாயார் கல்லைத் தூக்கி எறியச் சம்மதிக்கவில்லை. இரண்டு ஆள் பிடித்துக் கவிழ்த்து வைத்தோம். இப்பொழுது அதன்மேல் உட்கார்ந்துதான் அவர்கள் வெங்காயம் உரிக்கிறார்கள்.

பினாங்குக்கும் இந்த வியாதிக்கும் உள்ள உறவு பழையது. மலாயாவில் டெங்குவைப் பற்றிய முதல் வைத்தியக் குறிப்பு, டாக்டர் ஸ்கே என்பவர் 1902-ல் பினாங்கைப் பற்றி எழுதியதுதான். இரத்தப்போக்கோடு கூடிய கடும் டெங்கு இந்த நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதும் 1962-ல் பினாங்கில்தான். காரணம் ஊகிக்கக் கடினம் அல்ல: துறைமுகம், நெருங்கிய வீடுகள், தண்ணீரைச் சேமித்து வைக்கும் பழக்கம். ஏடிஸ் கொசு காட்டுக் கொசு அல்ல, வீட்டுக் கொசு. சாக்கடை நாற்றத்தை அது தேடுவதில்லை. தெளிந்து நிற்கும் தண்ணீரே அதற்குப் பிரியம். காலையில் கடை திறக்கும் நேரத்திலும், அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையிலும் கடிக்கும். ஆகவே இரவில் வலை கட்டிப் படுத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் வேறு கொசுவுக்குத்தான் வேலி போட்டிருக்கிறார்கள்.

வாரம் ஒரு முறை என்று ஏன் சொல்கிறார்கள் என்றால், நமது உஷ்ணத்தில் முட்டை கொசுவாவதற்கு ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதற்குள் தண்ணீரைக் கொட்டிவிட்டால் கொசு பிறக்காது. ஆனால் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். உலர்ந்தாலும் பல மாதம் சாகாமல் கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தேங்காய் நாரால் உட்புறத்தைத் தேய்க்க வேண்டும். நமது பெரியவர்கள் நாரை வைத்துத்தான் எல்லாம் தேய்த்தார்கள். காரணம் தெரிந்து தேய்த்தார்களோ, தெரியாமல் தேய்த்தார்களோ!

கடைவீட்டில் தண்ணீர் ஒளிந்திருக்கும் இடங்கள் நாம் நினைக்கும் இடங்கள் அல்ல. வெயிலுக்குக் கட்டிய தார்ப்பாயின் தொங்கல் மடிப்பு. அலமாரிக்கு எறும்பு ஏறாமல் கால்களின் கீழ் வைத்த கிண்ணங்கள். அவற்றில் தண்ணீருக்குப் பதில் உப்பைக் கொட்டிவையுங்கள், அல்லது எண்ணெய் ஊற்றுங்கள். கறிவேப்பிலைச் செடித் தொட்டியின் தட்டு. குளிர்பெட்டியின் பின்னால் உள்ள சிறு தட்டை யாரும் இழுத்துப் பார்ப்பதில்லை. கூரைப் பீலியில் அடைந்த இலைச் சருகு. பூட்டிக் கிடக்கும் மாடியறையின் கக்கூஸ் தொட்டி. ஊருக்குப் போகும் சகோதரர்கள் கதவைப் பூட்டுமுன் கக்கூஸ் கிண்ணத்தை மூடிவிட்டுப் போகட்டும். குடத்தையும் வாளியையும் இரவில் மூடிவைக்க வேண்டும் என்று மதரசாவில் உஸ்தாது சிறு வயதிலேயே சொல்லித் தந்தார். நாம்தான் மனப்பாடம் செய்ததோடு நிறுத்திக்கொண்டோம். காலி செய்ய முடியாத பெருந்தொட்டிக்கு அபேட் என்னும் மணல் மருந்து இருக்கிறது. 10 லிட்டருக்கு 1 கிராம் அளவு. பள்ளிவாசல்களின் ஒளுச் செய்யும் ஹவுளில் மீன் விடுவதும் வீண் அலங்காரம் அல்ல. புழுவை மீன் தின்றுவிடும்.

புகை அடிக்கும் வண்டி வந்தால் நமது தெருவில் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பெரியவர்களுக்கு ஆறுதல். அந்தப் புகை அந்த நேரத்தில் பறக்கும் கொசுவைக் கொல்லும், அவ்வளவே. ஆட்டுக்கல் குழியிலுள்ள புழுவை அது ஒன்றும் செய்யாது. புகை வரும்போது சரக்குக்குப் பயந்து கதவைச் சாத்திவிடுபவர்களும் உண்டு. உணவுச் சரக்கை மூடிவைத்துவிட்டுக் கதவைத் திறந்துவிடுவதுதான் சரி.

எலியைப் பற்றி வியாபாரிகளுக்குப் பாடம் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. ஒன்று மட்டும்: விஷம் வைப்பதில் நமக்கு நம்பிக்கை போய்விட்டது. தின்ற எலி மேல்மச்சுக்குப் போய்ச் செத்து, ஒரு வாரம் வாடிக்கைக்காரரை வரவிடாமல் செய்தது. ஓட்டையை அடைப்பதே வேலை. கட்டைவிரல் நுழையும் ஓட்டையில் எலி நுழையும். பென்சில் நுழைவதில் சுண்டெலி நுழையும். இரும்பு நாரைத் திணித்து அதன்மேல் சாந்து பூசுங்கள். வெறும் சாந்தைக் கொறித்துவிடும். வாசலில் சேற்றுக்காகக் கோணிப்பை விரிக்கிறோமே, அதை இரவில் எடுத்துவிட வேண்டும். ஈரக் கோணி எலிக்கு மெத்தை, கரப்பானுக்கு வீடு.

மழை விட்ட அந்தியில் விளக்கைச் சுற்றி ஈசல் பறந்தால் ஊரில் கோழிகளுக்குப் பெருவிருந்து என்று மகிழ்வார்கள். இங்கே அது எச்சரிக்கை. ஈசல் என்பது சிறகு முளைத்த கறையான். தெருவிலிருந்து வந்திருந்தால் கவலை இல்லை. வீட்டுக்குள் தரை இடுக்கிலிருந்தோ நிலைக்கதவின் அடியிலிருந்தோ புறப்பட்டால் கூடு உங்கள் காலடியில் என்று பொருள். சுவரில் பென்சில் பருமனுக்கு மண் கோடு ஏறுகிறதா என்று பாருங்கள். அதை விளக்குமாற்றால் தட்டிவிட்டுத் திருப்தி அடைவது நமது வழக்கம். கறையான் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் பயந்து ஈர மண்ணால் கட்டும் சுரங்கம் அது. தட்டினால் வேறு இடத்தில் கட்டும். ஆளைக் கூப்பிட்டுக் கூட்டுக்கே மருந்து போக வைக்க வேண்டும். சுவர் ஈரத்தை நிறுத்தாமல் மருந்து மட்டும் வைப்பவர்கள் மறுபடி ஆளைக் கூப்பிடுவார்கள்.

பெரிய நத்தையைப் பிள்ளைகள் வெறுங்கையால் தொட வேண்டாம்; மூளையைத் தாக்கும் புழு அதில் இருக்கக்கூடும். சாக்கடையில் மலைப்பாம்பு கண்டால் கம்பெடுத்து வீரம் காட்ட வேண்டாம். 999-க்குச் சொன்னால் பொதுத் தற்காப்புப் படையினரோ தீயணைப்புப் படையினரோ வந்து பிடித்துப் போவார்கள். நமது பின்சந்தில் பிடித்தது ஆள் நீளத்துக்கு மேல் இருந்தது. எலி தின்று கொழுத்த பாம்பு.

மறுபடி சாக்கடைக்கே வருகிறோம். அடுத்த கடைத் தவுக்கேயிடம் நாமே போய்ப் பேசினோம். முதலில் அவர், "உன் வெங்காயச் சருகு" என்றார். நாம், "உங்கள் ஆணிப்பெட்டி அட்டை" என்றோம். இருவர் சொன்னதும் உண்மை. இப்பொழுது மாதத்தில் முதல் ஞாயிறு காலையில் அவர் ஆள் ஒருவன், நமது ஆள் ஒருவன், மூலைச் சாப்பாட்டுக் கடையிலிருந்து ஒருவன் சேர்ந்து இரும்பு மூடியைத் தூக்கிச் சேற்றை அள்ளுகிறார்கள். தேத்தண்ணீர் நம்முடையது, பையும் மண்வெட்டியும் அவருடையது. சாப்பாட்டுக் கடைக்காரர் எண்ணெய் ஊற்றுவதை இன்னும் நிறுத்தவில்லை, பேசிக்கொண்டிருக்கிறோம்.

கூரைப் பீலியைச் சுத்தம் செய்ய வேண்டியவர்கள் மார்ச் மாதத்திலேயே ஆளைச் சொல்லிவையுங்கள். மழை தொடங்கிவிட்டால் ஓடு வழுக்கும். ஏற ஆள் கிடைக்கமாட்டான். கிடைத்தாலும் கூலி இரண்டு மடங்கு கேட்பான்.